அக்காவுக்கு அனுப்பிய திராட்சைத் தோட்டங்கள்

அக்காவை அடக்கம் செய்த அன்று நான் பிரான்சில் ஒரு சுற்றுலா வேனில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். எனக்கு விஷயம் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரருக்குத் தெரியும். முன் சீட்டில் இருந்த மகனுக்குத் தெரியும். சாயங்காலத்துக்குள் எங்களைக் கூட்டிப்போன வழிகாட்டி அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது.

அக்கா ராயப்பன்பட்டியில் இருந்தாள். நாங்கள் பிறந்த ஊரும் அதுதான். அவளை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்தார்கள். நான் வங்கி வேலைக்கு வந்து, கல்யாணமாகி, பழனிசெட்டிபட்டியில் வீடு கட்டிக்கொண்டேன். பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான தூரம். ஆனாலும் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் பார்த்துக்கொள்வோம். போனில் மட்டும் தினமும் பேச்சு. மச்சான் தவறிய பிறகு திராட்சைத் தோட்டத்தை அவளே பார்த்துக்கொண்டாள். கொடியை வெட்டிவிடுகிற கவாத்து எப்போது, மருந்து எப்போது, வியாபாரி எவ்வளவு கேட்டான், எல்லாவற்றையும் என்னிடம் சொல்வாள். எனக்குப் பாதி புரியாது. ம் கொட்டுவேன்.

டைப் அடிக்கப் பொறுமை கிடையாது அவளுக்கு. வாட்ஸ்அப்பில் குரலாகத்தான் அனுப்புவாள். தோட்டத்தில் நின்றுகொண்டு, பின்னால் மருந்தடிக்கிற மோட்டார் இரைய, கத்திக் கத்திப் பேசுவாள். நான் ஊர் கிளம்புவதற்கு முந்தின நாள் அவள் அனுப்பியது இது:

"ஏத்தா, நீ போற ஊருல திராட்சதான் வெள்ளாமையாம்ல. ஒம் மகன் சொன்னான். அங்கன கொடிய எப்புடிக் கட்டியிருக்காகன்னு நல்லாப் பாத்துட்டு வா. நம்ம ஆளுக கல்தூண் நட்டுப் பந்தல் போடுறாக. அவுகளும் பந்தல்தானா, வேற எதுவுமான்னு பாரு. சும்மா போட்டோவுக்குப் பல்லக் காட்டிட்டு வந்துராத."

மகன் அங்கே ஸ்ட்ராஸ்பூர் என்ற ஊரில் வேலை பார்க்கிறான். இன்னும் கல்யாணமாகவில்லை. இரண்டு மாதம் அவனோடு இருந்துவிட்டு வரலாம் என்று நானும் வீட்டுக்காரரும் போயிருந்தோம். எனக்கு அதற்கு முந்தைய வருடம் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். டாக்டர் போய்வரலாம் என்று சொன்ன பிறகுதான் டிக்கெட் போட்டோம். பக்கத்துக் கிராமங்களையும் சின்னச் சின்ன ஊர்களையும் ஒரே நாளில் சுற்றிக்காட்டும் பயணம் ஒன்றுக்கு மகன் எங்கள் மூன்று பேருக்கும் இடம் பிடித்திருந்தான். எட்டுப் பேர் போகிற வேன். வழிகாட்டி ஒரு பிரெஞ்சு அம்மா, என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். இங்கிலீஷில் பேசுவார்.

அன்று காலையில் நான் எழுந்தபோது வீட்டுக்காரர் குளித்து, சட்டை மாட்டி, சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது. கேட்டேன்.

"தூக்கம் பிடிக்கல. எடம் மாறுனா எனக்கு அப்படித்தான்னு ஒனக்குத் தெரியாதா?" என்றார்.

வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அதுவரை குறட்டை விட்டுத்தான் தூங்கினார். எனக்கு அது உறைக்கவில்லை. காப்பியை அவரே போட்டு வைத்திருந்தார். அதுவும் உறைக்கவில்லை.

மகன் ஜன்னல் பக்கம் நின்றான். "அம்மா, மேகமா இருக்கு. இன்னைக்குப் போகணுமா? இன்னொரு நாள் போய்க்கலாமே?"

"மேகத்துக்குப் பயந்தா வீட்டுல இருக்க? நான் பெரியம்மாட்ட சொல்லிட்டேன். தோட்டத்தப் பாத்து அனுப்புறேன்னு."

அவன் அப்பாவைப் பார்த்தான். அவர் தம்ளரைப் பார்த்துக்கொண்டே, "போயிட்டு வருவோம்பா. அவ ஆசப்படுறாள்ல" என்றார்.

இந்தச் சொற்களைப் பின்னால் நான் எத்தனையோ தடவை மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். அப்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இந்த மனுசன் ஒரு தடவையாவது நம் ஆசையை வாய்விட்டுச் சொன்னாரே என்று.

முதலில் போன ஊரில் வீடுகளெல்லாம் மரச்சட்டம் வெளியே தெரியக் கட்டியவை. மஞ்சள், நீலம், செங்கல் நிறம் என்று ஒவ்வொன்றும் ஒரு வண்ணம். ஜன்னலுக்கு ஜன்னல் பூத்தொட்டி. அந்த ஊர்ச் சர்ச்சின் கூரை மேல் நாரை கூடு கட்டியிருந்தது. நம் ஊர்க் கட்டிலை அங்கே தூக்கிவைத்தது போல அத்தனை பெரிய கூடு. வழிகாட்டி அம்மா கையிலிருந்த சிவப்புக் கொடியை உயர்த்தி அதைக் காட்டினார். நாரை வருவதை இங்கே நல்ல சகுனமாக நினைப்பார்கள் என்றார். நான் அந்தக் கூட்டைப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். கூடவே பேசியும் அனுப்பினேன்.

"அக்கா, இங்கன கோயில் மேல நார குடியிருக்கு. யாரும் வெரட்ட மாட்டாகளாம். நம்ம ஊருல இருந்திருந்தா ஒந் தோட்டத்துக்கு வந்துருச்சுன்னு நீ கல்லெடுத்திருப்ப."

சொல்லிவிட்டு நானே சிரித்தேன். அந்தச் சிரிப்பும் பதிவாகிப் போனது. கொஞ்ச நேரத்தில் போனைப் பார்த்தேன். இரண்டு டிக்கும் நீலமாகியிருந்தன. கேட்டுவிட்டாள். பதில் இல்லை. தோட்டத்தில் ஆள் விட்டிருப்பாள், ராத்திரி பேசுவாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஊருக்குப் போகிற வழி முழுக்கத் திராட்சை. மலைச்சரிவில் சீப்பால் வாரியது போல வரிசை வரிசையாக இறங்கி வந்தது. பந்தல் கிடையாது. ஆளுயரத்துக்குக் கம்பம் நட்டு, கம்பி இழுத்து, கொடியை வேலி மாதிரி நிறுத்தியிருந்தார்கள். அறுவடைக் காலம். வேனை நிறுத்தி வழிகாட்டி அம்மா எங்களை ஒரு தோட்டத்தின் ஓரமாக அழைத்துப் போனார். குலைகள் முழங்கால் உயரத்தில் தொங்கின. நம் பக்கம் அண்ணாந்து பார்த்துத்தான் பறிக்க வேண்டும். இங்கே குனிந்து பறிக்கிறார்கள். தோட்டக்காரர் அனுமதித்த நாலைந்து பழத்தை அவர் எங்களுக்குக் கொடுத்தார். சின்னப் பழம், தோல் தடிப்பு, விதை அதிகம். ஆனால் தேன் மாதிரி இனிப்பு.

எங்கள் அக்காவும் திராட்சைதான் பயிரிடுகிறாள் என்று அந்த அம்மாவிடம் இங்கிலீஷில் சொன்னேன். தலைக்கு மேலே பந்தல் என்றும், ஒரே வருடத்தில் இரண்டு மூன்று முறை அறுப்போம் என்றும் சொன்னேன். அவர் நம்பவில்லை. இங்கே வருடத்துக்கு ஒரே அறுவடைதான், பனிக்காலத்தில் கொடி செத்தது போல நிற்கும் என்றார். அக்கா வீட்டுத் தோட்டப் படத்தைப் போனில் தேடிக் காட்டினேன். பந்தலுக்கு அடியில் அக்கா கையில் கத்தரியோடு நிற்கிற படம். அந்த அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டு நிதானமாகப் பார்த்தார். "உங்கள் ஜாடை" என்றார்.

என் மகன் திடீரென்று வேன் பக்கம் நடந்து போய்விட்டான். போன் வந்திருக்கும் என்று நினைத்தேன்.

அக்காவுக்கு நீளமாகப் பேசி அனுப்பினேன். கம்பத்துக்குக் கம்பம் எவ்வளவு இடைவெளி, எத்தனை கம்பி, மண் எப்படிக் கல்லும் சரளையுமாக இருக்கிறது, எல்லாம். குனிந்து குனிந்து பறிப்பதால் இடுப்பு போய்விடும் என்றும், நம் பந்தல்தான் நல்லது என்றும் சொன்னேன். அதுவும் கொஞ்ச நேரத்தில் நீலமாயிற்று.

மதியம் ஒரு சின்ன ஊரில் சாப்பாடு. அதற்கு முன்னால் கோயில். நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள். எங்கே போனாலும் கோயிலுக்குள் நுழையாமல் வர எனக்கு மனசு கேட்காது. பழைய கற்கோயில். உள்ளே ஆளே இல்லை. குளிர்ந்து கிடந்தது. மாதா சுரூபத்துக்கு முன்னால் ஒரு மெழுகுதிரி ஏற்றினேன். அக்காவுக்கு ரொம்ப நாளாக முழங்கால் வலி. ஆபரேசன் செய்யச் சொல்லியிருந்தார்கள். அவள் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தாள். அந்தக் காலுக்காக வேண்டினேன். மகனையும் கூப்பிட்டேன்.

"பெரியம்மா காலுக்காக ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லுப்பா."

அவன் முழந்தாளிட்டான். வாய் அசையவில்லை. முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. இந்தக் காலத்துப் பிள்ளைக்கு இவ்வளவு பக்தியா என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

பயணம் முடிந்தபோது ஸ்ட்ராஸ்பூர் ரயில்நிலையத்துக்கு முன்னால் வேன் நின்றது. எல்லாரும் இறங்கினோம். வழிகாட்டி அம்மா ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து வழியனுப்பினார். என்னிடம் வந்ததும் என் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். தணிந்த குரலில் இங்கிலீஷில் சொன்னார்.

"உங்கள் அக்கா இறந்ததற்கு ரொம்ப வருந்துகிறேன். உங்கள் மகன் சொன்னார். இப்படிப்பட்ட நாளிலும் நீங்கள் வந்து, தோட்டத்தைப் பார்த்து, படத்தையெல்லாம் காட்டினீர்கள். அவருக்காகத்தான் வந்தீர்கள் என்று எனக்குப் புரிந்தது."

எனக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரியும். முப்பது வருடம் வங்கியில் இருந்தவள். ஆனாலும் அந்த நிமிடத்தில், நான் எதையோ தப்பாகக் கேட்டுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். "நன்றி" என்று சொல்லிவிட்டேன். யோசித்துப் பார்த்தால் அதைத்தான் தாங்க முடியவில்லை. என் அக்கா செத்துப்போனாள் என்று சொன்னவருக்கு நான் நன்றி சொன்னேன்.

அந்த அம்மா மேல் குற்றமில்லை. மகன் அடிக்கடி ஒதுங்கிப்போய்ப் பேசியதை அவர் கவனித்துக் கேட்டிருக்கிறார். அவன் பெரியம்மா இறந்துவிட்டதைச் சொன்னான். அம்மாவுக்குத் தெரியாது என்பதைச் சொல்லவில்லை.

திரும்பி வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"அக்காவா?" என்றேன்.

"ஆமா."

"எப்ப?"

"விடியக்கால. நெஞ்சு வலிக்குதுன்னு எந்திரிச்சிருக்காக. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள..."

"அடக்கம்?"

மகன்தான் சொன்னான். "முடிஞ்சிருச்சும்மா. நாம சாப்பிட்டுக்கிட்டு இருந்தப்ப."

அங்கேயே ஒரு கல் பெஞ்சில் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. ஜனங்கள் பெட்டியை உருட்டிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தார்கள். போனை எடுத்து அக்காவின் பெயரைத் திறந்தேன். நான் அனுப்பியது எல்லாவற்றிலும் நீல டிக். அப்படியானால் யார் கேட்டது?

அக்கா மகளைக் கூப்பிட்டேன். ஒரே மணியில் எடுத்தாள். "சித்தி" என்றவள் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு அவளே சொன்னாள்.

"அம்மா போன் என் இடுப்புலதான் இருந்துச்சு சித்தி. ஒங்கட்ட சொல்லக் கூடாதுன்னு சித்தப்பா சொல்லிட்டாக. ஒங்களுக்கு நெஞ்சுல வச்ச ஸ்டென்ட்டுக்குப் பயந்து. நானும் சரின்னுட்டேன். ஆனா நீங்க அனுப்பிக்கிட்டே இருந்தீக. என்னால கேக்காம இருக்க முடியல. ஐஸ் பெட்டிக்குள்ள அம்மா கெடக்கு, இங்கன நீங்க நார கூடு கட்டிருக்குன்னு சொல்லிச் சிரிக்கிறீக. பெட்டியத் தொறந்து குளிப்பாட்ட எடுத்தப்ப, ஒங்க குரல அம்மா காதுகிட்ட வச்சேன். அந்தத் திராட்சத் தோட்டத்தப் பத்திப் பேசுனீகளே, அத. முழுசா வச்சேன். சில பேரு வஞ்சாக. என்னா புள்ள, பொணத்துகிட்ட போன வச்சு வெளையாடுறன்னு. நான் எடுக்கல."

எப்படி மேலே பேசி முடித்தேன் என்று நினைவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "என்னால போயிருக்க முடியாது, சரி. வீடியோவுல மொகத்தக் காட்டியிருக்கலாம்ல?"

வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து நின்றார். "ஒனக்கு ஏதாச்சும் ஆயிருந்தா, இந்த ஊருல நாங்க ரெண்டு பேரும் என்ன செய்வோம்? நீ வீட்டுல இருந்தா எப்புடியும் கண்டுபிடிச்சிருவ. வெளிய போனா அடக்கம் முடியற வரைக்குமாச்சும் தெரியாம இருக்கும்னு நெனச்சேன். ராத்திரி மாத்திரை போட்ட பெறகு பக்குவமாச் சொல்லலாம்னு இருந்தேன்." பிறகு, "நான் பாத்தேன்" என்றார். "சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால நின்னு, போன்ல பாத்தேன். ஊருல ஒரு பையன் காட்டுனான்."

"எங்கிட்ட எதுவும் சொல்லாதீக" என்றேன். அவர் பார்த்திருக்கிறார், நான் பார்க்கவில்லை. இறந்ததை மறைத்ததைவிட அதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. என் கூடப் பிறந்தவளின் முகத்தைக் கடைசியாகப் பார்த்தவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிட்டிருக்கிறார்.

டிக்கெட்டை மாற்றிக்கொண்டு வந்து சேர்வதற்குள் எட்டாம் நாள் பூசை முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு, அவள் இல்லாத வீட்டுப் படி ஏற எனக்கு மனசு வரவில்லை. முப்பதாம் நாள் பூசைக்குத்தான் ராயப்பன்பட்டிக்குப் போனோம். அதுவரை வீட்டுக்காரரிடம் தேவைக்கு மட்டும்தான் பேசினேன். சோறு போட்டேன், மாத்திரை கேட்டால் எடுத்துக் கொடுத்தேன். அவரும் வற்புறுத்தவில்லை.

பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். இன்னும் சிமென்ட் பூசியிருக்கவில்லை. செம்மண் மேடு, ஒரு மரச்சிலுவை, காய்ந்த மாலை. மேகமலைப் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. மண்ணைத் தொட்டுப் பார்த்தேன். அதற்குக் கீழே அக்கா இருக்கிறாள் என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. பார்த்திருந்தால் வந்திருக்கும்.

அதனால் ஊரில் ஒவ்வொருவரிடமும் கேட்க ஆரம்பித்தேன். அவளுக்கு என்ன சேலை கட்டிவிட்டீர்கள்? முகம் எப்படி இருந்தது? வாய் மூடியிருந்ததா? பெட்டியில் எந்தப் பக்கம் தலை? யார் யார் தூக்கியது? அக்கா மகள் பச்சைச் சேலை என்றாள். எதிர்வீட்டு அம்மா, "ஊதாவுல்ல கட்டியிருந்தாக" என்றார். மூஞ்சி வீங்கியிருந்தது என்றார் ஒருவர். தூங்குவது மாதிரி இருந்ததாக இன்னொருவர். தோட்டத்தில் வேலை செய்கிற பெண்ணைக் கேட்டபோது, "நான் மூஞ்சியவே பாக்கலக்கா, பயமாப் போச்சு. காலத்தான் தொட்டுக் கும்பிட்டேன்" என்றாள். நூறு பேர் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் சொன்னதை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரு முகம் கிடைக்கவில்லை.

தோட்டத்துக்கும் போனேன். கவாத்து நேரம் தாண்டியிருந்தது. கொடி பந்தலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு காடாகக் கிடந்தது. குத்தகைக்கு விடப்போவதாக அக்கா மகள் சொன்னாள். அவள் கம்பம் ஊரில் டீச்சர் வேலை பார்க்கிறாள். அவளால் பார்க்க முடியாது.

சாயங்கால பஸ்ஸில் திரும்பினோம். உத்தமபாளையம் தாண்டியது. இரண்டு பக்கமும் வயல், தென்னை, வாழை. கூட்டமில்லை. வீட்டுக்காரர் ஜன்னலோர இடத்தை எனக்குக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு மாதமாக எனக்குள் இருந்த ஏதோ ஒன்று தளர்ந்துபோயிருந்தது. கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தெம்பில்லாமல் போயிற்று.

"நீங்க பாத்தீகள்ல. சொல்லுங்க" என்றேன்.

அவர் உடனே புரிந்துகொண்டார். எதைப் பற்றி என்று கேட்கவில்லை.

"அந்தப் பையன் கை நடுங்கிக்கிட்டே இருந்துச்சு. பாதி நேரம் ஆகாசமும் ஆளுக முதுகுந்தான் தெரிஞ்சுச்சு. சேல என்ன கலருன்னு எனக்குச் சரியாத் தெரியல, மேல கோடித்துணி போத்தியிருந்தாக. கையில செபமாலை சுத்தியிருந்துச்சு. முடிய நெத்தியிலருந்து பின்னுக்கு இழுத்துச் சீவியிருந்தாக. அவுக அப்படிச் சீவ மாட்டாக, நடு வகிடுல்ல எடுப்பாக. அதனால மொதல்ல எனக்கே யாரோ மாதிரி இருந்துச்சு. அப்புறம் கிட்டக்க காட்டுனான். வாய் மூடித்தான் இருந்துச்சு. வீக்கமெல்லாம் இல்ல. கோவிச்சுக்கிட்டுப் படுத்திருந்தா எப்படி இருப்பாக, அப்படி இருந்தாக."

நான் ஜன்னலை விட்டு அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"சாமியார் மந்திரிச்சு முடிக்கிற வரைக்கும் பெட்டியக் குழிக்குப் பக்கத்துல வெயில்ல வச்சிருந்தாக. அந்நேரத்துக்கு மூஞ்சிக்கு நேரா சூரியன். யாரோ ஒரு ஆளு கொடைய விரிச்சு, மூஞ்சில வெயிலு படாமப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. சாமியார் முடிச்சு, மூடிய வைக்கிற வரைக்கும் பிடிச்சிருந்தாரு. யாருன்னு தெரியல. கையும் கொடையுந்தான் தெரிஞ்சுச்சு."

ஊரில் யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை. அங்கே நின்ற அத்தனை பேரில் ஒருவருக்கும் அது சொல்ல வேண்டிய விஷயமாகப் படவில்லை போலும். எனக்கு அப்போதுதான் அக்கா செத்துப்போனாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். முன்சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தாள். கண்டக்டர் வந்து, "என்னம்மா, ஒடம்புக்கு எதுவும் முடியலையா?" என்று கேட்டார். "அவுக அக்கா தவறிட்டாக" என்று வீட்டுக்காரர் சொன்னார். கண்டக்டர், "எப்ப?" என்றார். இவர் ஒரு வினாடி தயங்கினார். "இப்பத்தான்" என்றார்.

சின்னமனூரில் நிறைய பேர் ஏறினார்கள். என் அழுகை நிற்கவில்லை. அவர் என்னை அடக்கவும் இல்லை, முதுகில் தட்டவும் இல்லை. கூட்டம் என் மேல் சாயாதபடி கையைக் கம்பியில் ஊன்றிக்கொண்டு வீடு வரைக்கும் வந்தார்.

அவரை நான் மன்னித்துவிட்டேனா என்று மகன் போனில் கேட்கிறான். தெரியவில்லை என்றுதான் சொல்கிறேன். சில நாள் மத்தியானச் சாப்பாடு முடிந்து இருவரும் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, திரும்பவும் கேட்பேன். அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு முதலிலிருந்து சொல்வார். அதில் எதையும் கூட்டுவதில்லை, குறைப்பதுமில்லை. சேலையின் நிறத்தைக் கேட்டால், தெரியலையே என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார்.